சேலம் முதல் தூத்துக்குடி வரை வானில் எவ்வளவு தூரம்? இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் நேரமும் கணக்கிடும் வழி

சேலம் விமான நிலையத்துக்கும் தூத்துக்குடி விமான நிலையத்துக்கும் இடையே 340 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 55 நிமிடம். தூரம் காட்டும் இணையத் தளங்களின் வழக்கமான சூத்திரத்தில் இந்த இரண்டு ஊரைப் போட்டால் இப்படித்தான் விடை வரும். இதில் தூரம் சரி. நேரம், இந்த வழிக்கு வரவே வராத ஒரு பெரிய ஜெட் விமானத்தின் வேகத்தை வைத்துப் போடப்பட்டது. இவற்றைவிட முக்கியமான ஒன்றை அந்த விடை சொல்வதே இல்லை. இந்த இரண்டு ஊருக்கும் இடையே பயணிகளுக்கான நேரடி விமானம் கிடையாது.

பயணத் திட்டம் போடப் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான். கோட்டின் நீளம், பறக்கும் நேரம், பயண நேரம் மூன்றையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். தில்லி, மும்பை போன்ற பெரிய நிலையங்களுக்கு இடையே அப்படி நினைத்தாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. நாள் முழுக்க நேரடி விமானங்கள் ஓடுகின்றன. சிறிய நிலையங்களில் இந்த மூன்றும் மூன்று திசையில் இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, இதே வரிசையில் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக் கணக்கு போதும். சேலம்–தூத்துக்குடி வழியையே எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம்.

எந்த நிலையம் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்து தேடுவதை நம்பாதீர்கள். அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்திலும் ஒரு சேலம் இருக்கிறது, அதற்கும் விமான நிலையம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டும் ஒன்றே. கவனிக்காமல் அதைத் தேர்ந்துவிட்டால் தூரம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டராக வரும். அப்படி வந்தால் நல்லது, தவறு உடனே தெரிந்துவிடும். பக்கத்து ஊர்களுக்குள் நடக்கும் குழப்பம்தான் ஆபத்தானது, ஏனெனில் விடை நம்பும்படியாகவே இருக்கும்.

அதனால் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் சேலத்துக்கு எஸ்.எக்ஸ்.வி., ஆரெகன் சேலத்துக்கு எஸ்.எல்.இ. தூத்துக்குடிக்கு டி.சி.ஆர். இந்தக் குறியீடு டூட்டிகோரின் என்ற பழைய பெயரிலிருந்து வந்தது. டிக்கெட் தளங்கள் சிலவற்றில் இன்றும் அந்தப் பெயரில் தேடினால்தான் ஊர் அகப்படும். திருச்சி டி.ஆர்.இசட்., திருவனந்தபுரம் டி.ஆர்.வி. மூன்றும் டி என்று தொடங்குவதால், அவசரத்தில் கை தவறும் இடம் இது. டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படித்துவிடுங்கள்.

விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் பயன்படுத்தும் நான்கெழுத்துக் குறியீடு வேறு. சேலம் வி.ஓ.எஸ்.எம்., தூத்துக்குடி வி.ஓ.டி.கே. முதல் இரண்டு எழுத்தைப் பார்த்தாலே பகுதி தெரிந்துவிடும். வி.ஓ. என்றால் தென்னிந்தியா, வி.சி. என்றால் இலங்கை. சரியான சேலத்தைத்தான் எடுத்திருக்கிறோமா என்று சோதிக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

நிலையம் ஊருக்குள் இருக்காது என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். சேலத்தின் விமான நிலையம் ஓமலூர் அருகே காமலாபுரத்தில் இருக்கிறது. தூத்துக்குடியின் விமான நிலையம் திருநெல்வேலி சாலையில் வாகைக்குளத்தில் இருக்கிறது. பின்னால் பயண நேரம் போடும்போது இந்த இரண்டு பெயரும் தேவைப்படும்.

அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள்

கைப்பேசியின் வரைபடத்தில் ஓடுபாதையின் நடுவில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதல் எண் அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. கணக்குக்கு வசதியாக அவற்றை டிகிரியாகவும் கோண நிமிடமாகவும் எழுதிக்கொள்வோம். ஒரு டிகிரிக்கு 60 கோண நிமிடம்.

சேலம்: வடக்கே 11 டிகிரி 47 நிமிடம், கிழக்கே 78 டிகிரி 4 நிமிடம்.

தூத்துக்குடி: வடக்கே 8 டிகிரி 43.5 நிமிடம், கிழக்கே 78 டிகிரி 1.5 நிமிடம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வரைபடம் சேலத்தை 11.783 என்று காட்டும். விமான நிலைய ஆவணங்கள் 11 டிகிரி 47 நிமிடம் என்று எழுதும். இரண்டும் ஒன்றுதான், 47-ஐ 60-ஆல் வகுத்தால் 0.783 வந்துவிடும். ஆனால் 11 டிகிரி 47 நிமிடத்தை 11.47 என்று எழுதிவிட்டால், சேலம் விமான நிலையம் காமலாபுரத்திலிருந்து 35 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துவிடும். கணக்குத் தப்பும்போது நான் முதலில் தேடுவது இந்தத் தவறைத்தான்.

தூரத்தைக் கையாலேயே போட்டுவிடலாம்

இரண்டு நிலையங்களின் தீர்க்கரேகையைப் பாருங்கள். இரண்டும் 78 டிகிரியை ஒட்டியே நிற்கின்றன. காமலாபுரத்திலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு இழுத்தால் அது ஏறக்குறைய வாகைக்குளத்தில் போய் விழும். கரூரை உரசிக்கொண்டு, சிறுமலை மேலாகப் போய், மதுரைக்குச் சற்று மேற்கே கடந்து, எட்டயபுரம் பக்கமாக இறங்கும் கோடு அது. முதன்முதலாகக் கணக்குப் போட்டுப் பழக இதைவிட நல்ல இணை தமிழ்நாட்டில் கிடைப்பது அரிது.

ஏன் என்றால், வடக்கு–தெற்காகப் போகும் தூரத்துக்குத் தனிச் சூத்திரமே தேவையில்லை. அட்சரேகையில் ஒரு கோண நிமிடம் நகர்ந்தால் ஒரு கடல் மைல். கடல் மைல் என்ற அளவே அந்தக் கணக்கில் பிறந்ததுதான். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

11 டிகிரி 47 நிமிடத்திலிருந்து 8 டிகிரி 43.5 நிமிடத்தைக் கழியுங்கள். 3 டிகிரி 3.5 நிமிடம் வரும். 3-ஐ 60-ஆல் பெருக்கி 3.5-ஐக் கூட்டினால் 183.5. ஆகவே தூரம் 183.5 கடல் மைல். அதை 1.852-ஆல் பெருக்கினால் 339.8 கிலோமீட்டர்.

கிழக்கு–மேற்கு வித்தியாசம் 2.5 கோண நிமிடம், அதாவது ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர். அதையும் சேர்த்துப் பிதாகரஸ் தேற்றப்படி கணக்கிட்டால் மொத்தத் தூரம் எவ்வளவு கூடும் தெரியுமா? வெறும் 30 மீட்டர். நீளமான கோட்டில் சிறிய பக்கவாட்டு விலகல் தூரத்தைக் கூட்டுவதே இல்லை என்பதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

குறுக்காகப் போகும் வழிகளுக்கு இன்னும் ஒரே ஒரு வேலைதான். தீர்க்கரேகைக் கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்குகின்றன. அதனால் கிழக்கு–மேற்கு வித்தியாசத்தை அந்த அட்சரேகையின் கொசைன் மதிப்பால் பெருக்க வேண்டும். தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்த மதிப்பு 0.97-க்கும் 0.99-க்கும் இடையிலேயே நிற்கும். லண்டனில் அது 0.62. அங்கே இதை மறந்தால் கணக்கு அடியோடு கெடும், இங்கே மறந்தால் நூற்றுக்கு இரண்டு மூன்று பிசகும்.

சேலம்–சென்னையை இப்படிப் போடலாம். சென்னை விமான நிலையம் வடக்கே 12 டிகிரி 59.6 நிமிடம், கிழக்கே 80 டிகிரி 10.3 நிமிடம். வடக்கு–தெற்கு வித்தியாசம் 72.6 கடல் மைல். கிழக்கு–மேற்கு வித்தியாசம் 126.3 நிமிடம், அதை 0.977-ஆல் பெருக்கினால் 123.4 கடல் மைல். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 143 கடல் மைல், அதாவது 265 கிலோமீட்டர். சில நூறு கிலோமீட்டர் வரை பூமியைத் தட்டையாக நினைத்துக்கொண்டு இப்படிப் போடலாம். அதற்கு மேல், சிங்கப்பூர், துபாய் என்று போகும்போது, கோள மேற்பரப்புக்கான சூத்திரம் வேண்டும். அதைக் கையால் போட வேண்டியதில்லை, தளங்களே போட்டுத் தரும்.

கணக்கே வேண்டாம் என்பவர்கள் கைப்பேசி வரைபடத்தில் தூரம் அளக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். ஓர் ஓடுபாதையில் குறி வைத்து, மற்றதுவரை இழுத்தால் எண் வந்துவிடும்.

ஒரு தளம் 338 கிலோமீட்டர் என்றும் இன்னொன்று 340 என்றும் காட்டினால் பதற வேண்டாம். பூமி முழு உருண்டை இல்லை. நம் பகுதியில் அட்சரேகையின் ஒரு டிகிரி 110.6 கிலோமீட்டர்தான், உருண்டையாகக் கொண்டால் 111.1. மூன்று டிகிரிக்கு ஒன்றரை கிலோமீட்டர் வித்தியாசம் அங்கிருந்துதான் வருகிறது. அதேபோல் 340, 211, 183.5 என்று மூன்று எண்களைப் பார்த்தாலும் குழம்பாதீர்கள். முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது தரை மைல், மூன்றாவது கடல் மைல். மூன்றும் ஒரே தூரம்.

எந்த விமானம் பறக்கும்?

நேரத்தைக் கணக்கிடும் முன் விமானத்தைக் கண்டுபிடியுங்கள். தளங்கள் இதைக் கேட்பதில்லை. மணிக்கு 800 கிலோமீட்டர் என்று ஒரு ஜெட் வேகத்தை வைத்துக்கொண்டு, ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்துவிடுகின்றன. 340-ஐ 800 சொச்சத்தால் வகுத்தால் 25 நிமிடம், அதோடு 30. அப்படி வந்ததுதான் அந்த 55 நிமிடம்.

ஓடுபாதையின் நீளத்தைப் பாருங்கள். சேலத்தில் அது ஏறத்தாழ 1,800 மீட்டர். தூத்துக்குடியில் முன்பு 1,350 மீட்டர்தான் இருந்தது. விரிவாக்கத்துக்குப் பிறகு அது 3 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டது. தூத்துக்குடிக்கு இனிப் பெரிய ஜெட் விமானங்களும் வர முடியும் என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். உண்மைதான், ஆனால் நம் வழிக்கு அதனால் பயனில்லை. ஒரு விமானம் இரண்டு முனையிலும் இறங்கி ஏற வேண்டும். ஆகவே இரண்டில் குறுகிய ஓடுபாதைதான் முடிவு செய்கிறது. சேலத்தின் ஓடுபாதைக்குப் பொருந்துவது ஏ.டி.ஆர். 72 போன்ற, இறக்கையில் விசிறி சுழலும் விமானம். சுமார் எழுபது முதல் எழுபத்தெட்டுப் பேர் உட்காரலாம். சமமாகப் பறக்கும்போது அதன் வேகம் 275 நாட், அதாவது மணிக்கு 275 கடல் மைல், ஏறத்தாழ 510 கிலோமீட்டர்.

இந்த விமானத்தை மட்டமாக நினைக்க வேண்டாம். 300 கிலோமீட்டர் தூரத்தில் ஜெட் தன் முழு உயரத்தை எட்டிப் பிடிப்பதற்குள் இறங்க ஆரம்பித்துவிட வேண்டும். தாழ்வாகப் பறக்கும்போது எரிபொருளையும் கூடுதலாகக் குடிக்கும். குறுகிய வழிகளில் ஏ.டி.ஆர். ஓடுவது இல்லாத குறைக்காக அல்ல, அந்தத் தூரத்துக்கு அதுதான் சரியான வண்டி.

நேரத்தைப் போடும் முறை

இப்போது 183.5-ஐ 275-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்குங்கள். 40 நிமிடம். கடல் மைலையும் நாட் என்ற வேக அளவையும் பயன்படுத்தச் சொன்னது இதற்காகத்தான், கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

இந்த 40 நிமிடம் முழு வேகத்தில் பறந்தால் ஆகும் நேரம். விமானம் கதவு மூடிய இடத்திலிருந்து ஓடுபாதை முனைவரை ஊர்ந்து போக வேண்டும். மேலே ஏறும்போது முழு வேகம் கிடைக்காது. இறங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரும். இறங்கிய பின் மறுபடி ஊர்தல். பயண அட்டவணையில் அச்சாகும் நேரம் இவை எல்லாம் சேர்ந்தது. கிளம்பும் இடத்தில் சக்கரம் உருளத் தொடங்கியதிலிருந்து சேருமிடத்தில் நிற்கும்வரை.

இதற்கு எவ்வளவு சேர்ப்பது? ஊகிக்க வேண்டாம். அதே விமானம் ஏறத்தாழ அதே தூரம் பறக்கும் இன்னொரு வழியைத் தேடி, அதன் அட்டவணையைப் பாருங்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இந்த முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

நமக்குக் கைகொடுப்பது சென்னை–யாழ்ப்பாணம். பலாலியில் இருக்கும் யாழ்ப்பாணம் விமான நிலையம் வடக்கே 9 டிகிரி 47.5 நிமிடம், கிழக்கே 80 டிகிரி 4.2 நிமிடம். இதுவும் ஏறக்குறைய நேர் தெற்கு வழி. கழித்துப் பார்த்தால் 192 கடல் மைல், 356 கிலோமீட்டர். அங்கும் ஓடுபவை ஏ.டி.ஆர். விமானங்களே. வெறும் பறப்பு 42 நிமிடம். அட்டவணையில் இருப்பதோ ஒன்றேகால் மணியை ஒட்டிய நேரம். ஆக, வெறும் பறப்போடு அரை மணிக்குச் சற்று மேல் சேர்க்கிறார்கள். அந்த அரை மணியில் ஒரு பங்கு சென்னையின் நெரிசலுக்கானது. சேலத்திலும் தூத்துக்குடியிலும் முன்னால் வரிசையில் நிற்கும் விமானங்கள் இருக்காது. எனவே சேலம்–தூத்துக்குடி நேரடியாக ஓடினால் அட்டவணையில் ஒரு மணி ஐந்து நிமிடம் முதல் ஒரு மணி பத்து நிமிடம்வரை போடுவார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். தளம் சொன்ன 55 நிமிடம் இதைவிடப் பத்துப் பதினைந்து நிமிடம் குறைவு.

இந்த அரை மணிச் சேர்க்கை எங்கும் பொருந்திவிடாது. ஸ்காட்லாந்தின் வடக்கே ஓர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரேவுக்கும் பாப்பா வெஸ்ட்ரேவுக்கும் இடையே 2.7 கிலோமீட்டர்தான். உலகிலேயே மிகக் குறுகிய பயணிகள் விமான வழி அது. சின்ன விமானம், ஊர்ந்து போக நீண்ட பாதை இல்லை, இரண்டு நிமிடத்துக்குள் இறங்கிவிடுகிறது. அந்த வழிக்கு இங்கே சொன்ன கணக்கைப் போட்டால் அரை மணி என்று வந்து நிற்கும். தனியாரின் சிறிய விமானத்துக்கும் வேறு வேகம் வேண்டும். பயிற்சிப் பள்ளிகளில் காணப்படும் செஸ்னா 172 சுமார் 120 நாட் வேகத்தில் பறக்கும். சேலம்–தூத்துக்குடிக்கு அதில் ஒன்றரை மணி ஆகும்.

கோடு வேறு, பறக்கும் பாதை வேறு

விமானம் நாம் இழுத்த கோட்டின் மேல் பறப்பதில்லை. எவ்வளவு விலகும் என்பதை ஓடுபாதை எண்ணைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். ஓடுபாதையின் முனையில் எழுதியிருக்கும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் அது நோக்கும் திசை டிகிரியில் வரும். வடக்கு 360, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270.

சேலத்தின் ஓடுபாதை 04/22. தூத்துக்குடிக்குப் போக வேண்டிய திசை 180. 22-இல் கிளம்பினால் விமானம் 220 டிகிரியில், தென்மேற்காக எழும். கொஞ்சம் இடப்புறம் திரும்பினால் வழி கிடைத்துவிடும். காற்று மாறி 04-இல் கிளம்ப நேர்ந்தால் வடகிழக்கு நோக்கி எழுந்து, கிழக்கே சேர்வராயன் மலை நிற்க, அரைவட்டம் அடித்துத் தெற்கே திரும்ப வேண்டும்.

தூத்துக்குடியின் ஓடுபாதை 10/28, கிழக்கு–மேற்காகக் கிடக்கிறது. வடக்கிலிருந்து வரும் எந்த விமானமும் அங்கே நேராக இறங்க முடியாது. ஜூன் முதல் செப்டம்பர்வரை கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேற்குக் காற்று வாகைக்குளத்திலும் வீசும். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். அப்போது நிலையத்தின் கிழக்கே போய், பதினைந்து கிலோமீட்டரில் இருக்கும் கடற்கரைப் பக்கமாகத் திரும்பி, மேற்கு முகமாக இறங்க வேண்டியிருக்கும். சன்னல் ஓரம் உட்கார்ந்தவர்களுக்கு உப்பளங்கள் தெரியும். இதனால் இருபது முப்பது கிலோமீட்டரும் நான்கைந்து நிமிடமும் கூடலாம். அட்டவணையில் இதற்கும் இடம் விட்டுத்தான் நேரம் போடுவார்கள்.

எதிர்க்காற்றின் கணக்கும் எளிது. 30 நாட் எதிர்க்காற்று என்றால் 275-இலிருந்து 30-ஐக் கழித்து 245-ஆல் வகுங்கள். 40 நிமிடம் 45 ஆகும். பின்னாலிருந்து தள்ளினால் 36. இவ்வளவு குறுகிய வழியில் காற்று தின்னும் நேரம் இவ்வளவுதான். போகும்போதும் வரும்போதும் அட்டவணை நேரம் ஐந்து பத்து நிமிடம் வேறுபட்டால் காரணம் பெரும்பாலும் இதுவாகவோ நிலையத்தின் நெரிசலாகவோ இருக்கும்.

இனி உண்மையான பயணம்

இதுவரை போட்டது இல்லாத விமானத்துக்கான கணக்கு. அது வீண் வேலை இல்லை. நேரடி விமானம் இருந்தால் எவ்வளவு ஆகும் என்று தெரிந்தால்தான், சுற்றுவழி எவ்வளவு நேரத்தையும் பணத்தையும் தின்கிறது என்று எடைபோட முடியும்.

சென்னை வழியாகப் பார்ப்போம். சேலம்–சென்னை 265 கிலோமீட்டர் என்று முன்பே போட்டோம். சென்னை–தூத்துக்குடி 529 கிலோமீட்டர். மொத்தம் 794. நேர்க்கோட்டின் இரண்டு மடங்குக்கும் மேல். பெங்களூரு வழி சேலத்திலிருந்து முதலில் வடக்கே கூட்டிப்போகிறது, இருந்தும் மொத்தம் 660 கிலோமீட்டர்தான். அதனால் சென்னையை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், பெங்களூரையும் போட்டுப் பாருங்கள். இரண்டில் எது நல்லது என்பதைத் தூரம் தீர்மானிக்காது, நடுவில் காத்திருக்கும் நேரம்தான் தீர்மானிக்கும்.

சென்னை வழிக்கு வீட்டு வாசலிலிருந்து கணக்கு இப்படி வரும். சேலம் நகரிலிருந்து காமலாபுரத்துக்கு 40 நிமிடம். செக்-இன் கவுன்டரைப் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள், ஆகவே ஒன்றரை மணி முன்னதாகப் போய்விட வேண்டும். சென்னைக்கு ஒரு மணி. அங்கே இரண்டரை மணி காத்திருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடிக்கு ஒன்றரை மணியை ஒட்டி. பெட்டி வர 20 நிமிடம், வாகைக்குளத்திலிருந்து நகருக்குள் போக அரை மணி. கூட்டினால் எட்டு மணி நேரம்.

சேலம் நகரிலிருந்து தூத்துக்குடி நகருக்குச் சாலை வழி ஏறத்தாழ 375 கிலோமீட்டர். கரூர், திண்டுக்கல், மதுரை வழியாக, நாம் இழுத்த கோட்டின் நிழலிலேயே ஓடுகிறது நெடுஞ்சாலை. காரில் ஆறரை ஏழு மணி நேரம். மைசூரு–தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ரயிலும் சேலம் வழியாகப் போகிறது. இந்த வழிக்கு விமான டிக்கெட் தேடி வருபவர்களிடம் நான் வெளிப்படையாகச் சொல்வது, காரிலோ ரயிலிலோ போங்கள் என்பதுதான். வயதானவர்களுக்கும் இடுப்புவலிக்காரர்களுக்கும் ஏழு மணி நேரம் காரில் உட்கார முடியாமல் போகலாம். அவர்களுக்கு மட்டும் விமானத்தைப் பரிசீலிக்கலாம். அப்போதும் சக்கர நாற்காலி உதவியை முன்பதிவின்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். ஏ.டி.ஆர். விமானத்தில் பல நிலையங்களில் தரையிலிருந்து படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும்.

இணைப்பு விமானத்தில் போவதென்றால் இரண்டு பயணமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கும்படி டிக்கெட் எடுங்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது கைவிட்டுப் போனால், ஒரே டிக்கெட்டில் இருப்பவரை அடுத்த விமானத்தில் அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு. மலிவாக இருக்கிறதே என்று தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பெட்டியையும் சென்னையில் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். சென்னையில் உள்நாட்டு விமானங்கள் முதல் முனையத்திலும் நான்காம் முனையத்திலும் பிரிந்து இயங்குகின்றன. எதில் இறங்கி எதில் ஏற வேண்டும் என்று டிக்கெட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். காத்திருப்பு இரண்டு மணிக்குக் குறைவாக இருந்தால் நான் எடுக்க மாட்டேன். சிறிய நிலையத்துக்குப் பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு விமானம்தான். கடைசி விமானத்தை விட்டால் இரவுத் தங்கல்தான்.

நேரடி விமானம் இருக்கிறதா என்பதைப் பழைய செய்தியை வைத்து முடிவு செய்யாதீர்கள். சிறிய நிலையங்களின் சேவை வரும், போகும். சேலத்துக்கு, சிறிய ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் விமானம் வந்தது, 2021-இல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. விமான அட்டவணைகள் ஆண்டுக்கு இருமுறை, மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும் மாறுகின்றன. அந்தத் தேதிகளைத் தாண்டிய பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள், எந்தக் கிழமைகளில் விமானம் ஓடுகிறது என்பதைப் புதிய அட்டவணை வெளியான பின் மறுபடி பார்க்க வேண்டும். சிறிய நிலையங்களில் வாரத்தில் எல்லா நாளும் சேவை இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் அதிகாலை விமானத்தை நம்பி முகூர்த்தத்துக்குப் போகாதீர்கள். மூடுபனியில் பார்வை தெளியும்வரை இறங்க விட மாட்டார்கள்.

நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள்

திருச்சி–யாழ்ப்பாணம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வழியில் நேரடி விமானம் 2025 மார்ச் 30-இல் தொடங்கியது, அதுவும் ஏ.டி.ஆர்.தான். திருச்சி வடக்கே 10 டிகிரி 46 நிமிடம், கிழக்கே 78 டிகிரி 42.6 நிமிடம். பலாலியின் எண்கள் மேலே இருக்கின்றன. கொசைன் மதிப்புக்கு 0.98 போடுங்கள்.

வடக்கு–தெற்கு 58.5 கடல் மைல், கிழக்கு–மேற்கு 80 கடல் மைல், நேர்க்கோடு 99 கடல் மைல் என்று வந்தால் சரி. கிலோமீட்டரில் 183. வெறும் பறப்பு 22 நிமிடம், அரை மணியைச் சேர்த்தால் 52. அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணி என்று இருக்கும்.

இரண்டு பக்கமும் கடிகாரம் ஒன்றே, நேர வித்தியாசம் கழிக்க வேண்டியதில்லை. ஆனால் இது வெளிநாட்டுப் பயணம். கடவுச்சீட்டுச் சோதனைக்கும் சுங்கத்துக்கும் சேர்த்து மூன்று மணி நேரம் முன்னதாகத் திருச்சி நிலையத்தில் இருக்க வேண்டும். பலாலியிலிருந்து யாழ் நகருக்குச் சாலையில் இன்னும் அரை மணிக்கு மேல். ஒரு மணிப் பயணம் அரைநாள் ஆகிவிடுகிறது. இருந்தும் இங்கே கணக்கு விமானத்தின் பக்கம்தான் சாய்கிறது. திருச்சிக்காரருக்கு மாற்றுவழி, நாகப்பட்டினம்வரை சாலையில் போய், காங்கேசன்துறைக்குக் கப்பல் ஏறுவது. அந்தக் கடல் பயணத்துக்கு மட்டுமே நான்கு மணி நேரம் ஆகிறது. கடல் கொந்தளிக்கும் பருவத்தில் கப்பலை நிறுத்தியும் விடுகிறார்கள்.